தொண்ணூறு சதவீதச் சாய்தளம்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கினால் எங்கள் சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. போனில் பேசலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் கடிதம். படித்துவிட்டு அவரிடம் மூச்சு விடாதே.

என் முட்டி ஆபரேஷன் முடிந்ததும், நான் வாசல் படியில் ஏறி இறங்கச் சிரமப்படக் கூடாதென்று அப்பா மரத்தில் ஒரு சாய்தளம் செய்ய ஆரம்பித்தாரே, "ரெண்டே வாரம், நீ ஜம்முனு இறங்கிப் போகலாம்" என்றாரே, நீயாவது சும்மா இருந்தாயா? உன் ஆபீசில் வேலையைக் கணக்குப் பார்க்கிற மாதிரி இவர் போனிலும் ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தாய், எத்தனை சதவீதம் முடிந்ததென்று அது காட்டுமாம். ரிட்டையர் ஆகி வந்த மனுஷனுக்கு வீட்டுக்குள் ஒரு ஆபீசைத் திறந்து வைத்த புண்ணியம் உன்னையே சேரும். அன்றிலிருந்து பலகையை அறுக்கிற நேரத்தைவிட அறுத்ததைப் பதிகிற நேரம்தான் அதிகம். "ஆணி வாங்குதல்" என்று ஒன்றைப் போட்டு, முடிந்ததென்று பச்சை ஆக்குகிறார், ஆணி தப்பான அளவென்று தெரிந்ததும் "ஆணி மாற்றுதல்" என்று இன்னொன்றைப் போட்டு அதையும் பச்சை ஆக்குகிறார். தப்பு செய்யச் செய்ய முன்னேற்றம் கூடுகிற அதிசயத்தை நம் வீட்டில்தான் பார்க்கலாம். அப்படியே தொண்ணூறு சதவீதம் வரை வந்தது, வந்த இடத்திலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் வாய் கூசாமல் தொண்ணூறு என்பார், நீ "சூப்பர்ப்பா" என்பாய், நான் உள்ளே நின்று தலையில் அடித்துக்கொள்வேன். எதிர்வீட்டுத் தச்சர் ஒருநாள் எட்டிப் பார்த்து, "கொடுங்க சார், சாயங்காலத்துக்குள்ள முடிச்சுத் தரேன்" என்றார். அப்பாவுக்கு முகம் சுண்டிப் போய்விட்டது. "அது பிளான்ல இல்ல" என்று அனுப்பிவிட்டார்.

இதற்குள் என் முட்டி யாருடைய மதிப்பீட்டையும் கேட்காமல் தானாக ஆறிவிட்டது. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கிற பெண், "இனி தாராளமா படி ஏறுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அப்பாவிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. ரிட்டையர் ஆன புதிதில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவரை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். இப்போது எழுந்ததும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு விசிலடிக்கிறார். முட்டி சரியாகிவிட்டது என்றால் அந்த விசில் நின்றுவிடுமே என்று எனக்குப் பயம். அதனால் அவர் முன்னால் சுவரைப் பிடித்து நொண்டுவது, அவர் கடைக்குப் போனதும் தெருமுனை வரை காலாற நடந்துவிட்டு வருவது, இதுதான் என் பிழைப்பு.

போன வாரம் வசமாக மாட்டிக்கொண்டேன். ஒரு பிடிமானமும் இல்லாமல், பாட்டு வேறு முணுமுணுத்துக்கொண்டு படி இறங்குகிறேன், கடைக்குப் போனவர் பர்சை மறந்துவிட்டுத் திரும்பி வந்து கேட்டருகே நிற்கிறார். என்னைப் பார்த்துவிட்டார். செருப்பில் என்னவோ ஒட்டினது போலக் குனிந்துகொண்டார். நான் உள்ளே போய்ப் படுத்துவிட்டேன், இந்த மனுஷன் மறுபடி சுவரைப் பார்க்கப் போகிறாரே என்று அழுகைகூட வந்தது. மறுநாள் காலையில் டொக் டொக்கென்று சத்தம். வெளியே வந்தால், படியோரமாகக் கைப்பிடி வைத்துக்கொண்டிருக்கிறார். போனைத் தொடவே இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிட்டது. "பிடிச்சுப் பாரு, ஆடுதா?" என்றார். நான் நொண்டவில்லை. அவர் கண் முன்னாலேயே நேராக இறங்கினேன், ஆடவில்லை என்றேன். "சாய்தளத்துக்கு இன்னும் ரெண்டு வாரம் ஆகும்" என்றார். ஆகட்டும் என்றேன்.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், பாதியில் விட்டதும் சேர்ந்து துலங்கட்டும். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. ஞாயிற்றுக்கிழமை அப்பா தொண்ணூறு என்றால் வழக்கம்போல சூப்பர் என்று சொல். கைப்பிடியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே. கேட்டால் அதற்கும் ஒரு சதவீதம் போட்டுவிடுவார், அது ஒன்றாவது முழுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா