கோலுக்கு ஆரு?

ஜூன் 9, திங்கள்

கச்சான் காத்து. விடியவே மண் கிளப்புது. கிளவுஸைக் கழுவிக் கொடியில போட்டுட்டு வேலைக்குப் போனன், வந்து பாத்தா கருவாடு மாதிரி விறைச்சிக் கிடக்கு. தேங்காய் எண்ணெய் தடவினா இளகுமாம், தங்கச்சி சொல்றா. விசர்க் கதை. பந்து வழுக்கும்.

நேத்து நாள் வெச்சாச்சு. ஆவணியில கலியாணம். பொம்பிளைக்கு ஊர் கிரான். பேர் தர்சினி. முழுசா எழுதக் கை கூசுது, இனி த.

எங்கட பக்கம் வீடு பொம்பிளைக்கு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போறது மாப்பிள்ள. தங்கச்சிட கலியாணத்தோட இந்த வீடு தங்கச்சிக்கு. அறையில அவளும் மச்சானும், பின் அறையில அம்மா, ஹோலில பாயோட நான். இனி நான் கிரானுக்கு. உலகத்தில நடக்காத விசயமில்ல, ஊரில எல்லா ஆம்பிளைக்கும் இதுதான். எண்டாலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்.

கொண்டுபோக என்ன இருக்கெண்டு யோசிச்சன். சேட்டு. பந்துச் சப்பாத்து. கிளவுஸ் ரெண்டு சோடி. லப்டொப். மேசைக் காத்தாடி (அம்மா தரமாட்டாவாம்). அவ்வளவுதான். ஒரு பயணப் பை நிரம்பாது.

எல்லாருக்கும் பெரிய சந்தோசம் பஸ்ஸைப் பத்தி. வந்தாறுமூலை கம்பஸ் கம்ப்யூட்டர் லாப்பில வேலை எடுத்த நாள் தொட்டு பெரியகல்லாறில இருந்து ரெண்டு பஸ் மாறி ஓடுறன். கிரானெண்டா ஒரே பஸ், ஏறி இருந்தவுடன இறங்கலாம். "பொடியனுக்கு வாழ்வுதான்" எண்டு பெரியம்மா. பஸ்ஸுக்காகக் கலியாணம் கட்டுற முதல் ஆள் நானாத்தான் இருக்கும்.

பின்னேரம் கிரவுண்டில, நான் கோல் காக்கிற எங்கட உதைபந்துக் கழகத்தில, சொன்னன். பொடியன்கள் முதுகில அடிச்சாங்க. கப்டன் விமல் அண்ணன், ஓட்டோ ஓடுறவர், வாழ்த்துச் சொல்லல்ல. கேட்டது ஒண்டுதான், "அப்ப இனி கோலுக்கு ஆரு?"

ஜூன் 11, புதன்

லாப்பில பிரிண்டர் திரும்பவும் பேப்பரைத் தின்னுது. நாள் முழுக்க அதோட மல்லுக்கட்டு.

ஐஞ்சரைக்குப் பிராக்டிஸ். காத்து வாவிப் பக்கமிருந்து. இந்தக் காத்துக்கு உயரப் பந்து நேர வாற மாதிரி வந்து கடைசியில தோளைக் கடந்து போயிரும். ஒரு அடி பின்னால நிக்கோணும். இதை எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரல்ல, அடி வாங்கி வாங்கிப் பிடிச்சது.

கோல் கீப்பரா நிக்கிறதில என்ன இருக்கெண்டு த. நேத்து ஃபோனில கேட்டா. ஒழுங்காச் சொல்லத் தெரியல்ல. உள்ளங்கையில பந்து முழுசா வந்து உக்காருற சத்தம், "டப்" எண்டு. அது ஒண்டு. மத்தது, அந்த ரெண்டு கம்பத்துக்கும் நடுவில உள்ள இடம் என்ட. அங்க நிக்கேக்குள்ள ஆரும் என்னை "கொஞ்சம் அங்கால இரு மனே, கூட்டோணும்" எண்டு சொல்ல மாட்டாங்க. ரெண்டாவதை அவக்குச் சொல்லல்ல.

இடப் பக்கம் பாய்ஞ்சா இடுப்பு நோகுதெண்டும் சொன்னன். ஒத்தடம் பிடிக்கச் சொன்னா. நல்ல பொம்பிள.

ஜூன் 15, ஞாயிறு

கிரானுக்கு. நான், அம்மா, மச்சான். வீடு கட்டி முடிஞ்சு பெயின்ட் மணம் போகல்ல. பொம்பிளைட அப்பா, இனி எனக்கு மாமா, ஒவ்வொரு கதவாத் திறந்து காட்டினார். சுவிச்சையும் போட்டுக் காட்டினார். வெளிச்சம் வந்துது. "ஓம் மாமா" எண்டன். வேறென்ன சொல்றது.

வீட்டுக்குப் பின்னால வயல் வட்டையில வேளாண்மை பச்சையா நிக்குது. கண்ணுக்கெட்டின தூரம் தண்ணி இல்ல. நான் தண்ணியைப் பாத்துப் பாத்தே வளந்தவன், எந்தப் பக்கம் திரும்பி நிக்கிறதெண்டே விளங்கல்ல.

முன் ஹோலில ஒருத்தர் பிளேன்டிக் கோப்பையோட இருந்தார். சொந்தக்காரர் எண்டு நினைச்சு நான் கும்பிட்டன். கிரான் கழகத்துச் செயலாளர். "கையை ஒருக்கா நீட்டுங்க மாப்பிள்ள" எண்டார். நீட்டினன். விரலைப் பிடிச்சுப் பாத்துட்டு மாமாக்குத் தலையாட்டினார், சந்தையில மாடு பாக்கிறவர் பல்லைப் பாத்துட்டு ஆட்டுற மாதிரி. விசயம் என்னெண்டா, வீட்டுக்கு கொங்கிரீட் போட்ட அண்டைக்குக் கழகப் பொடியன்கள்தான் வந்து நிண்டு சுமந்திருக்கிறாங்க. மாமா அந்தச் சந்தோசத்தில, என்ட மருமகன் உங்களுக்குத்தான் கோல் காப்பார் எண்டு வாக்குக் குடுத்திட்டார். என்னை ஒரு வார்த்த கேக்கல்ல. போட்டி விதியும் அவங்கட பக்கம்தான், ஆள் எந்தப் பிரதேசத்தில இருக்கோ அந்தக் கழகத்துக்குத்தான் ஆடலாம்.

த. தேத்தண்ணி கொண்டு வந்தா. பாலர் பள்ளி டீச்சர், குரல் கொஞ்சம் பெரிசு. கிணத்தடியில நிண்டு கொஞ்ச நேரம் கதைச்சம். கிரான் மெச் ஒண்டும் விடமாட்டாவாம். போன வருசம் எங்களோட நடந்த மெச்சிலயும் இருந்திருக்கிறா, "அந்த மஞ்சள் சேட்டுக் கீப்பருக்கு நல்லா ஏசினன், அது நீங்கதான் எண்டு தெரியாது" எண்டா. சிரிப்பு வந்துட்டுது. பொம்பிள பாத்த நாள் தொட்டு இண்டைக்குத்தான் மனசு கொஞ்சம் இளகினது.

வரேக்குள்ள பஸ்ஸில மச்சான் ஒண்டும் கதைக்கல்ல. அவர் எப்பவும் அப்பிடித்தான், மேசன் வேலை, கதை குறைவு. மண்டூர்க்காரர். வாவிக்கு அங்கால.

ஜூன் 18, புதன்

மாவட்டப் போட்டி, அரையிறுதியில ஆரோட ஆர் எண்டு சீட்டுக் குலுக்கியாச்சு. எங்களுக்கு கிரான். வாற ஞாயிறு, டவுண் கிரவுண்டில.

விமல் அண்ணன் மெசேஜ் போட்டார், வெறும் "கிரான்" எண்டு.

த. சிரிச்சுச் சிரிச்சு ஃபோன். எங்க நிண்டாலும் தான் கிரான் பக்கம்தான் கத்துவாவாம், இப்பவே சொல்லிவைக்கிறாவாம். சரி எண்டன். எங்கட கழகத்துக்கு இது எனக்குக் கடைசிப் போட்டி, மறுகா கிரானுக்குப் பேர் மாறிரும். ஒழுங்கா நிண்டு முடிச்சிட்டுப் போகோணும், அவ்வளவுதான் ஆசை. அதை மட்டும் அவக்குச் சொன்னன். அதுக்கு மட்டும் அவ பகிடி விடல்ல.

பின்னேரம் வந்த வினை: மாமா பஸ்ஸில எருமைத் தயிர் அனுப்பியிருக்கிறார். ஒண்டில்ல ரெண்டில்ல, எட்டுச் சட்டி. ஒரு மூட்டை அரிசியும். சம்பந்தி வீட்டுக்குத் தயிர் அனுப்புறது ஒரு குத்தமா? இல்ல. ஆனா பஸ் நிண்டது சந்தியில, கொண்டக்டர் கூரையில இருந்து ஒவ்வொரு சட்டியா இறக்கி "கிரானில இருந்து கோல் கீப்பருக்கு" எண்டு கத்தி இருக்கிறான். ஊரே பாத்துக்கொண்டு நிண்டிருக்கு.

அம்மா ரெண்டு சட்டியைக் கிரவுண்டுக்குக் குடுத்தனுப்பினா, பொடியன்கள் தின்னட்டும் எண்டு. தின்னாங்க. விமல் அண்ணனும் சீனி போட்டுத் தின்னார்.

ஜூன் 20, வெள்ளி

தலைமயிர் வெட்டப் போனன். சலூனில இருந்த ஆக்கள் நான் உள்ள போனதும் கதையை நிப்பாட்டிட்டாங்க. கதிரையில ஏறி இருந்தாப் புறகு ஒருத்தர் சும்மா கேக்கிற மாதிரி, கிரான் தயிர் புளிப்போ இனிப்போ எண்டார். கண்ணாடியில எல்லாற்ற வாயும் சிரிக்குது. நல்ல இனிப்பு எண்டன். வேறென்ன சொல்ல. தலையைக் குனியச் சொன்னதால தப்பினன்.

யோசிச்சுப் பாத்தா எனக்கு ரெண்டு பக்கமும் அடிதான். பந்து உள்ள போனா இவன் மாமனுக்கு வித்துட்டான் எண்டு இந்த ஊர் சொல்லும். போகாட்டி, மருமகன் உங்கட ஆள்தான் எண்டு சொன்ன மாமாக்கு மானக்கேடு, வீட்டுக்குக் கல்லும் மண்ணும் சுமந்த பொடியன்கள்ற மூஞ்சியில முழிச்சுக்கொண்டு நான் அங்க இருக்கோணும்.

ஏழு மணிபோல விமல் அண்ணன் வீட்ட வந்தார். ஓட்டோவை விட்டு இறங்கல்ல. ஞாயிற்றுக்கிழமை நான் வெளியில இருந்தா எனக்கும் நல்லம், கழகத்துக்கும் நல்லம் எண்டார். என்னில சந்தேகம் இல்லையாம். ஊர் வாய்க்குப் பயமாம். கோலுக்கு ஆரெண்டு கேட்டன். மச்சானாம்.

மச்சான் பேருக்கு ரெண்டாவது கீப்பர். ஆள் குறையக் கூடாதெண்டு பேர் போட்டது. அவர் வாறது தண்ணிப் போத்தல் தூக்க.

சாப்பிடல்ல. அம்மா கேட்டா, வயிறு சரியில்ல எண்டன். எனக்குச் சரியான கவலை. எழுதவே வெக்கமா இருக்கு, கலியாணத்துக்கு ரெண்டு மாசம் இருக்கு, ஆனா இந்த ஊர் என்னை இண்டைக்கே அனுப்பிட்டுது.

ஜூன் 22, ஞாயிறு

இண்டைக்கு எழுதிப்போட்டுத்தான் படுக்கிறது.

கடும் வெயில், கடும் காத்து. கிரான் சனம் ரெண்டு பஸ். மாமா வெள்ளைச் சேட்டோட முன் வரிசையில. நான் எங்கட பக்கத்து வாங்கில குந்திக்கொண்டு, மேலங்கி போட்டுக்கொண்டு, அந்த வெயிலுக்க. மாமா என்னைக் கண்டுட்டு, கோலைப் பாத்துட்டு, திரும்ப என்னைப் பாத்தார். அவருக்கு விளங்கல்ல. செயலாளர் காதில ஏதோ சொன்னார். மாமா தலையைக் குனிஞ்சுக்கொண்டார்.

முதல் பாதி. மச்சான் பாவம். முதல் பந்து காலுக்கு நடுவால. ரெண்டாவது காத்து ஏமாத்தினது, ஒரு அடி முன்னால நிண்டுட்டார், தோளுக்கு மேலால போயிட்டு. 2-0. எங்கட சனம் சிரிச்சுது, ஏசல்ல. "எங்கட மாப்பிள்ள என்ன செய்வார், அவர் சீமெந்து பூசுற கை" எண்டு ஒரு கிழவன். எங்கட மாப்பிள்ள. என்னை ஒரு கிழமையா ஆரும் எங்கட எண்டு சொல்லல்ல.

இடைவேளை. தோடம்பழம் வெட்டிக் குடுத்தாங்க. மச்சான் எடுக்கல்ல. கிளவுஸைக் கழட்டி என்ட மடியில போட்டார். போட்டுட்டு விமல் அண்ணனுக்கு முன்னால போய் நிண்டார். மச்சான் நாலு பேருக்கு முன்னால வாய் திறந்து நான் கண்டதில்ல.

"விமலண்ணன், நான் வந்தவன். எனக்கு மண்டூர். என்னை நம்பிக் கோலைத் தந்தீங்க. இவன் இஞ்ச பிறந்தவன், இவனை நம்ப ஏலாதா?"

விமல் அண்ணன் தோடம்பழக் கொட்டையைத் துப்பினார், மஞ்சள் சேட்டை எடுத்து என்னட்ட எறிஞ்சார்.

ரெண்டாம் பாதி. கோலுக்குப் பின்னால கிரான் சனம். "மாப்பிள்ள, விடுங்க, மாப்பிள்ள, விடுங்க" எண்டு கை தட்டித் தட்டிப் பாட்டு. அதுக்குள்ள ஒரு குரல் தனியாக் கேக்குது, பெரிய குரல். "அவருக்கு இடப் பக்கம் இடுப்பு நோ, அங்க அடிங்க அண்ணன்." த. தான். ஒத்தடம் பிடிக்கச் சொன்ன ஆள்.

அடிச்சான். இடப் பக்கம்தான். பாய்ஞ்சன். நொந்துது. உள்ளங்கையில முழுசா, டப் எண்டு.

அதுக்குப் புறகு மூண்டு பந்து தடுத்தன். எங்கட பொடியன்கள் ஒண்டு போட்டாங்க. 2-1, தோல்வி. விசில் ஊதினதும் நிலத்தில இருந்திட்டன். அழுத மாதிரித்தான். வேர்வை எண்டு சொல்லலாம்.

மாமா வேலியடிக்கு வந்தார். தயிர் அனுப்பினது பிழையாப் போயிட்டுதாமே தம்பி, எனக்குத் தெரியாதே எண்டார். வேறொண்டும் கேக்கல்ல. என்ட இடுப்பைத் தொட்டுப் பாத்தார்.

த. தொண்டை கட்டிப்போய் நிண்டா. ஃபோனில சொன்னதைக் கிரவுண்டில சொல்லலாமா எண்டு கேட்டன். "நீங்க விட்டுக் குடுத்திருந்தா நான் கலியாணத்துக்கு யோசிச்சிருப்பன்" எண்டா. அந்தக் குரல்ல காத்துத்தான் வந்துது, பகிடி இல்ல. விளங்கிச்சு.

ஜூன் 23, திங்கள்

காத்துக் கொஞ்சம் குறைவு. இடுப்பில நீலம். லாப்புக்கு லீவு சொன்னன், படியேற ஏலாது.

காலையில சந்தியில விமல் அண்ணன் ஓட்டோவை நிப்பாட்டினார். ஏறச் சொன்னார். மருந்துக் கடை வரைக்கும் கொண்டுபோய் விட்டார். மன்னிப்பு எண்டெல்லாம் அவர் வாயில வராது. ஆவணிக்கிடையில மச்சானை ஒழுங்காப் பழக்கிப்போட்டுப் போ எண்டார். சரி எண்டன். காசு வாங்கல்ல.

பின்னேரம் மச்சானைக் கிரவுண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனன். எனக்குப் பாய ஏலாது, நிண்டுகொண்டு சொன்னன். காத்து வாவிப் பக்கமிருந்து வந்தா ஒரு அடி பின்னால. முழங்கையை ஒடுக்குங்க. கண்ணை மூடாதீங்க. மச்சான் எல்லாப் பந்துக்கும் கண்ணை மூடுறார். சீமெந்துத் தூள் பழக்கமாம்.

இருட்டுப்பட ரெண்டு பேரும் கம்பத்தடியில இருந்தம். இவ்வளவு வருசம் ஒரே வீட்டில, ஒரே பானையில சோறு. அவர் வந்த புதுசில நான் அவரோட முகம் குடுத்துக் கதைச்சதே இல்ல, எங்கட வீட்டுக்க ஆரோ வந்துட்டான் எண்ட எரிச்சல். அவருக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு ஒருக்காவும் யோசிக்கல்ல. இண்டைக்குக் கேட்டன்.

"மச்சான், இஞ்ச வந்து எவ்வளவு நாளையில மண்டூர் நினைப்பு விட்டுது?"

சப்பாத்து லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தவர். நிமிர்ந்து பாக்கல்ல.

"விட்டதெண்டு ஆரு சொன்ன?"

லேஸ் சிக்குப்பட்டுக் கிடந்துது. குனிஞ்சு அவிழ்த்துக் குடுத்தன்.