பாலாறு மலையேறிய தாள்

வீடு மாற்ற மூட்டை கட்டும்போது பழைய பெட்டியிலிருந்து தேங்காய் எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்தது. பிரிக்காமலே தெரிந்துவிட்டது, நாம் வரைந்த பாலாற்றுத் தாள். டிரேசிங் பேப்பர் கிடைக்காமல் சாதாரணத் தாளில் எண்ணெய் தேய்த்து, வெள்ளைக்காரர் காலத்து நில வரைபடத்தின்மேல் வைத்து நீயும் நானும் நகலெடுத்தோமே, அது. நீ கண்ணை மூடியபோது நான் பிரசவமாகிப் படுத்திருந்தேன். பால் வற்றிவிடும் என்று அழக்கூட விடவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு தாமதம்.

நந்தி மலைப் பக்கத்து உயரக் கோடுகளுக்கெல்லாம் நீ கருநீலம் பூசியிருந்தாய். புவியியல் மேடம் வெளியூர்க்காரர். நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, மலையப் பள்ளமாக்கிட்டீங்களே! பாலாறு மலையேறுதா?"

"இன்னா மேடம், நம்பர் பெருசானா ஆழந்தானே? எங்கப்பா அப்படித்தான் சொல்வாரு, இந்த லெவல், அந்த லெவல்னு!" என்றாய் நீ.

வகுப்பே தலையாட்டியது. தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர்கள் வீட்டுப் பிள்ளைகள். நமக்கு எண் ஏற ஏறப் பூமிக்குள்தான் போகும். மேடமே சிரித்துவிட்டார். தாளைத் திருத்தும்போது என் தோளைத் தட்டிச் சொன்னாய்: "நம்பர வுடுடி. தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாரு, மேடு பள்ளம் தானா தெரியும்."

நாங்கள் இப்போது பார்த்து வைத்த வீடு, தங்கம் பிரித்த விஷ மண்ணைக் கொட்டிய சயனைட் மேட்டுக்குக் கீழ்ப்புறம். மாரிகுப்பம் ஸ்டேஷன் பக்கம், வேலைக்குப் பெங்களூர் ரயில் பிடிக்கும் என் கணவருக்கு வசதி. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

"பாப்பாவுக்கு ஜுரம்னாலும் பயம், ஜுரம் இல்லன்னாலும் பயம். இன்னாதான் பண்றது உன்ன வெச்சிகினு?" என்று சிரித்தார்.

தாளை விரித்தேன். சுரங்கத்து மண்ணைக் கொட்டி மேடாக்கும் முன்பே அளந்த வரைபடம். மேடு இருக்கும் இடத்தில் மெல்லிய ஓடை ஒன்று பாலாற்றைப் பார்த்து இறங்கியது. நாங்கள் பார்த்த வீடு அந்த ஓடைமேல்தான் நிற்கிறது. மழை வந்ததும் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். மேட்டைக் கரைத்துக்கொண்டு வந்த சாம்பல் நிறத் தண்ணீர், அவள் தவழப்போகும் வாசலுக்குள் நேராக நுழைந்தது.

"வேணாங்க," என்றேன் அவரிடம்.

"மறுபடியும் பயமா?"

"இல்லீங்க. தண்ணிக்கு அது பழைய வழி. வாங்க, காட்டறேன்."

வந்து பார்த்தார். நனைந்துகொண்டே வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் போட்டார். "வூடு நல்லா கீதுண்ணா. ஆனா ஆத்துல கீது."

பயம் என்னை விட்டுப் போகவில்லையடி. வந்தால் முன்போல் உட்கார்ந்து அழுவதில்லை, அவ்வளவுதான். எழுந்து போய்ப் பார்த்துவிடுகிறேன், நீயும் கூட வருவதுபோல.