ஓரத்தைத் தூக்கியவர் யார்?

மார்ச் 4
தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்றும் அதே கூத்து. ஆறாம் படுக்கைத் தையல்காரரின் கழுத்தில் மருந்துக் குழாய். அதன்மேல் கிருமிநாசினி ஜெல் வைத்த டிரெஸ்ஸிங். கண்ணாடி மாதிரி உள்ளே எல்லாம் தெரிகிறது. ஆனாலும் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் ஓரத்தைக் கட்டைவிரலால் நெம்பி, "நல்லாத்தான் இருக்கு" என்று அமுக்கிவிட்டுப் போகிறார். ஒட்டு விட்டுப்போனால் கிருமிக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. போன மாதம் நான்காம் படுக்கை அம்மா அப்படித்தான் போனார். போதும்.

மார்ச் 5
தூக்கினார். தூக்கினால் மாற்ற வேண்டும் என்பது விதி. அவர் எதிரிலேயே கை கழுவி, கையுறை போட்டு, பழையதை உரித்து, மருந்து தடவி, காயும்வரை நின்றேன். மொத்த ரவுண்ட்ஸும் நின்றது.

"இதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா, சிஸ்டர்?"

"மருந்து காயணும் சார். ஈரத்துல ஒட்டினா தோல் வெந்துடும்."

குறிப்பேட்டில் எழுதினேன்: ஓரத்தைத் தூக்கியவர் – தலைமை மருத்துவர்.

மார்ச் 6
தூக்கினார். மாற்றினேன். எழுதினேன்.

மார்ச் 7
இன்றும். மேட்ரன் கூப்பிட்டார். "எதுக்கும்மா உனக்கு வம்பு? அவர் பேரை எழுதணுமா?"

"பேரை எங்க எழுதினேன்? பதவியைத்தானே எழுதினேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு மெமோவை நீட்டினார். விளக்கம் தர வேண்டுமாம்.

மார்ச் 8
ஐயோ, நானா இப்படி? டிரெஸ்ஸிங்கில் உள்ள ஜெல், குழாய் நுழையும் இடத்தில் இல்லை; ஒரு விரல் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. நேற்று கோபத்தில் ஒட்டியது. மாற்றினேன். அதையும் எழுதினேன்: தவறாக ஒட்டியவர் – நான்.

மார்ச் 9
தையல்காரருக்குக் காய்ச்சல். ரத்தம் பரிசோதனைக்குப் போயிருக்கிறது. என் கையாலேயே ஆகிடுச்சா? "பயப்பட ஒண்ணுமில்லையேம்மா?" என்று அவர் மனைவி கேட்டார். "ரிசல்ட் வரட்டும்" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 11
ரத்தத்தில் கிருமி இல்லை. காய்ச்சல் நெஞ்சுச் சளியால். கழிவறையில் போய் அழுதுவிட்டு, மெமோவுக்குப் பதில் எழுதினேன்: 'தும்பை விட்டு வாலைப் பிடிக்க எனக்குத் தெரியாது. மறுபடி தூக்கினால் மறுபடி எழுதுவேன்.'

மார்ச் 12
ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினார். 'தவறாக ஒட்டியவர் – நான்' என்ற வரியில் விரல் நின்றது. தையல்காரரிடம் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். உதவி டாக்டரின் விரல் ஓரத்துக்குப் போனது.

"கையை எடுங்க. சிஸ்டர் எழுதிடுவாங்க."