ஒரு ஆள் குறைந்த கணக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? டபுள் டியூட்டி பார்க்க வேண்டாம்.

பயப்படாமல் படியுங்கள். திங்கட்கிழமை எங்கள் ஆபீசில் ஒயர் கருகி அபாய மணி அடித்தது. எல்லோரையும் வெளியேற்றுவது என் பொறுப்பு. மாட்டேன் என்று சொல்லக் கூச்சப்பட்டதால் வந்த பதவி. மணி அடித்தும் யாரும் எழவில்லை. மேனேஜர், "ஒரு மெயில் அனுப்பிட்டு வரேன்மா" என்றார். அதற்குள் புகை வாசலுக்கே வந்துவிட்டது. என்னை அறியாமல் உங்கள் கண்டக்டர் குரல் எனக்குள்ளிருந்து கிளம்பியது.

"எல்லாரும் இறங்கு. படியில நிக்காத, முன்னாடி போ. லக்கேஜை விடு!"

மறுபேச்சில்லாமல் இறங்கினார்கள். கீழே தலைகளை எண்ணினேன். வருகைப் பதிவில் முப்பத்திரண்டு, தரையில் முப்பத்தொன்று. அதற்குள் வந்து சேர்ந்திருந்த தீயணைப்பு வீரர், விடுபட்டவரைத் தேட முகமூடியை மாட்டிக்கொண்டு படியேறப் போனார்.

மேனேஜர் கேட்டார்: "ஏம்மா, உன்னை எண்ணினியா?"

கண்டக்டர் தன்னை எண்ணுவதில்லையே அப்பா.

அப்படிக் கத்தியதை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது. அடுத்த முறை கத்தாமல் ஊத, உங்கள் பழைய விசிலை அனுப்பிவையுங்கள், வேலைக்குத்தான். ஆள் குறைந்த கதையை அம்மாவிடம் சொல்ல வேண்டாம். நான் அங்கே இல்லாததால், சாப்பாட்டுத் தட்டு வைக்கும்போதெல்லாம் அவளும் ஒரு ஆள் குறைவதைத்தான் எண்ணிக்கொண்டிருப்பாள்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்