அப்பா வண்டியைப் போட்டுவிட்டு ஓடினார்

ஜூலை 15, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. மாடித் தகரம் அடித்துக்கொண்டே இருக்கிறது. நல்லதுதான், நான் முழித்து எழுதுவது யாருக்கும் தெரியாது.

அப்பா தறிக்கூடத்திலிருந்து நடந்து வந்தார். சாப்பாட்டு வாளி இல்லை. வண்டியும் இல்லை. வழியில் போலீஸ் செக்கிங். ஹெல்மெட் போடாத எல்லாரும் கெஞ்சினார்களாம், அபராதம் கட்டினார்களாம், போனார்களாம். அப்பா மட்டும் வண்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டு முள்ளுக்காட்டுக்குள் ஓடிவிட்டார். முழங்கையெல்லாம் கீறல்.

அம்மா மஞ்சள் வைத்தாள். "ஹெல்மெட்டுக்கு யாராவது ஓடுவாகளா?"

"ஆதார் கேட்டிருந்தால்?" என்றார் அப்பா.

அம்மா அடுத்த கீறலுக்கு மஞ்சள் எடுத்தாள்.

எழுதக்கூடாது. எழுதுகிறேன். அப்பா சின்ன வயதில் இலங்கையிலிருந்து படகில் வந்தவர். முகாமுக்குப் போகவில்லை, எங்கும் பதியவில்லை. ஒரு காகிதமும் கிடையாது. பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்று தெருவில் தலையாட்டலோடு சரி. வீட்டுக்குள் வாய் ஓயாது.

ஜூலை 16, புதன்

காற்று குறையவில்லை. கணக்கு டெஸ்ட் பரவாயில்லை. ரிப்பன் தொலைந்தது.

தமிழ் டீச்சர் வெள்ளிக்கிழமை பட்டிமன்றம் என்றார். தலைப்பைப் பலகையில் எழுதினார். ஆவணம் இல்லாமல் வந்த அயல்நாட்டவர் சிறு குற்றம் செய்தால் உள்ளூர்ப் போலீஸ் பிடித்து வைக்கலாமா, கூடாதா? பேப்பரில் இதுதான் பேச்சாம். என் பெயர் 'பிடித்து வைக்கலாம்' பக்கம். மாற்றச் சொன்னால் ஏன் என்பார். சரி டீச்சர் என்றேன்.

மாரி இடித்தாள். "ஏட்டி, லேசான பக்கம் கெடச்சிருக்கு ஒனக்கு. நல்லா கைதட்டுவாளுவ."

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். தறி முதலாளி. வண்டி அவர் பெயரில். அப்பா கதை ஊரில் அவருக்கு மட்டும் தெரியும்.

"ஸ்டேஷன்லருந்து போன் மேல போன் வே. ஓடுனவன் யாரு, கஞ்சா கிஞ்சா கடத்துதானான்னு கேக்கான். நீரு நின்னிருந்தா ஏசிட்டு விட்டிருப்பான். இப்பம் வேற யாரையாவது அனுப்பி, நாந்தான் ஓடுனேன்னு சொல்லச் சொல்லட்டா?"

"வேண்டாம் அண்ணாச்சி. அவனுக்குக் கேஸ் விழுந்தால்?"

அண்ணாச்சி தண்ணீர் கேட்டுக் குடித்தார். பிறகு கிளம்பிவிட்டார்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. வருஷாவருஷம் இன்று அப்பா சமையல். அவர் ஊர் ஆடிக்கூழ். தேங்காய்ப்பால், கருப்பட்டி, பயறு, அரிசிமாவு. ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான். வாசனை சாத்தினால் நிற்குமா?

எனக்கு ஒரு பாயிண்டும் வரவில்லை. தலைப்பைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கிண்டிக்கொண்டே சொன்னார்:

"எழுது. ஒரு ஊருக்குத் தன்ர ஊரில ஆர் இருக்கினம் எண்டு தெரிஞ்சிருக்க வேணும். அது பிழையில்லை."

"பிறகு?"

"ஒரு சட்டத்தை மீறினவன் மற்றதுக்கும் பயப்பிடமாட்டான் எண்டு சனம் நினைக்கும். அதையும் எழுது."

"நீங்க பயப்படுவீங்கல்லா?"

"எனக்கு எல்லாத்துக்கும் பயம். ஹெல்மெட்டுக்கு மட்டும்தான் பயப்பிடாமல் விட்டிட்டன்."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அம்மா சிரிக்கவில்லை. "எதிர்க்கட்சிக்கும் ரெண்டு சொல்லிக்குடுங்க."

"பிடிச்சு வைப்பாங்கள் எண்டால், வீட்டில களவு போனாலும் காகிதம் இல்லாதவன் ஸ்டேசன் பக்கம் போகமாட்டான். கள்ளனுக்கு அதுதானே வசதி?" என்னைப் பார்த்தார். "இது உனக்கில்லை பிள்ளை. எழுதாதே."

கூழ் அருமை. இரண்டு கிண்ணம் குடித்தேன். கிண்ணத்தைக் கழுவும்போது சொல்கிறார், "விடிய நான் ஸ்டேசனுக்குப் போறன். எனக்காக அண்ணாச்சி எத்தினை நாளைக்கு மறைப்பார்?" சாதாரணமாக.

அம்மா கதவுத் தாழ்ப்பாளை மறுபடி மறுபடி பார்த்துவிட்டுப் படுத்தாள்.

ஜூலை 18, வெள்ளி

அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அண்ணாச்சியோடு போனார். நான் பள்ளிக்கூடம்.

பேசினேன். குரல் நடுங்கியது. ஆவேசம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அப்பா சொன்னதை எல்லாம் சொன்னேன், எழுதாதே என்றதை விட்டுவிட்டேன். தீர்ப்பு எங்கள் பக்கம். சிறந்த பேச்சாளர் நான். பரிசு ஒரு பேனா. மாரி கட்டிப்பிடித்தாள். மணி அடித்ததும் ஓடினேன்.

வாசலில் வண்டி!

அப்பா உள்ளே சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸ்டேஷனில் ஏட்டையா, "ஹெல்மெட்டுக்கா வே ஓடுனீரு?" என்று கேட்டாராம். அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். தன் பேச்சிலேயே. ஏட்டையா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாராம். பிறகு அண்ணாச்சியிடம், "இது ஒமக்குத் தெரியுமா வே?" "தெரியும்." ஹெல்மெட்டுக்கு அபராதம் போட்டாராம். வண்டியை அண்ணாச்சியிடம் விட்டாராம். "திங்கக்கெழம இன்ஸ்பெக்டர் வருதாரு. அவர்ட்ட நீரே வந்து இதச் சொல்லும். மறுபடி ஓடக்கூடாது."

பிடித்து வைக்கவில்லை. திங்கட்கிழமை என்ன ஆகும் என்று தெரியாது. ஆனால் இன்று அப்பா வீட்டில். சோற்றுக்கு மேல் மோர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பேனாவைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"திங்கக்கெழம நானும் வாரேன். அப்பாவுக்காக நான் பேசுதேன்."

"பள்ளிக்கூடம் இருக்குல்லாட்டி," என்றாள் அம்மா.

"வரட்டும் விடும்," என்றார் அப்பா. "அவள் எந்தக் கட்சியில பேசுறாள் எண்டு மட்டும் முதல்லயே கேட்டு வையும்."