மையில்லாமல் பிடித்த கை

இன்று மதியம் செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஆரஞ்சு உரித்தாள். வாசனை வந்ததும் திரும்பி உன்னைத் தேடினேன். சாவு நடந்த இடத்திலிருந்து ஜீப்பில் திரும்பும்போதெல்லாம் நீ ஒரு பழத்தை உரித்து, தோலை என் கையில் தேய்த்து, "மோந்து பாரு மச்சான், நாம இன்னும் உசுரோடதான் கீறோம்" என்பாயே. நான் ஏற வேண்டிய பேருந்து போய்விட்டது.

நீ போலீஸ் புகைப்படக்காரன், நான் போலீஸில் கைரேகை எடுப்பவன். கொலையோ கொள்ளையோ சந்தேகச் சாவோ, மாமல்லபுரம் கடற்கரையிலிருந்து மதுராந்தகம் வரை எங்கே நடந்தாலும் ஒன்றாகத்தான் போனோம். நீ படமெடுத்து முடிக்கும்வரை நான் எதையும் தொடக்கூடாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உன் முதுகைப் பார்த்து நின்றே என் பாதி உத்தியோகம் கழிந்தது.

கேளம்பாக்கம் அடுக்குமாடி வீடு நினைவிருக்கிறதா? தனியாக இருந்த வயதான அம்மாள் குளியலறையில் இறந்து கிடந்தார். அவர் கையில் எப்போதும் கிடக்கும் தங்க வளையல்களைக் காணோம். முதலில் பார்த்துக் கத்தியவள் வீட்டு வேலைக்கு வரும் செல்வி. அவளையே மாடிப்படியில் உட்காரவைத்துச் சுற்றி நின்றார்கள். யாரோ அறைந்த விரல்கள் அவள் கன்னத்தில் பதிந்திருந்தன.

"நான் எடுக்கல சார். என் வூட்ட வேணா வந்து பாருங்க. ஸ்கூல்லேர்ந்து கொயந்த வந்துடும், என்ன வுட்டுடுங்க சார்."

பீரோ, அலமாரி எல்லாம் தேடியாகிவிட்டது என்றார் இன்ஸ்பெக்டர். நீ சமையலறையைப் படமெடுத்துக்கொண்டிருந்தாய். "அரிசி டிரம்ல பாத்தீங்களா சார்? எங்கம்மா குளிக்கப் போறப்போ அதுலதான் கயட்டி வெக்கும்."

மூடியில் பொடி தூவி ரேகை எடுத்த பிறகே திறந்தோம். அரிசிக்குள், கைக்குட்டையில் முடிந்த வளையல்கள். மூடியில் இருந்தவை இறந்தவரின் ரேகைகள் மட்டும்தான். வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டிருக்கிறது என்று மருத்துவரும் பிறகு சொன்னார்.

செல்வி நன்றி சொல்ல நிற்கவில்லை. குழந்தையை நினைத்துப் படிகளில் ஓடினாள். அவள் கேட்டைத் தாண்டும்வரை நீ பால்கனியிலிருந்து பார்த்தாய். அன்று ஜீப்பில் நீ பழம் உரிக்கவில்லை.

"செத்தவங்களுக்காகத்தான் போறோம்னு நெனச்சிகினு இருந்தேன் மச்சான். வாசல்ல கீறவங்களுக்காகவும்தான் போறோம்" என்றாய்.

போன மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டாய். மறைமலைநகரில் உன் வீட்டுக்குள் வந்தவன், பழக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். கண் தானாகக் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தது. பாதி குடித்த தண்ணீரைப் பார்த்தது. உன் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தது. உன்னை மட்டும் பார்க்க முடியவில்லை.

உன் மனைவிதான் கூப்பிட்டார். "இன்னாண்ணா, அங்கியே நின்னுகினு கீறீங்க? கிட்ட வாங்க. தொட்டுப் பாருங்க, உங்க மச்சான்தானே."

இறந்தவர்கள் எத்தனையோ பேரின் விரல்களை மை தடவி உருட்டியிருக்கிறேன். மையில்லாமல் பிடித்தது உன் கையைத்தான். "போதும் வுடு மச்சான்" என்று நீ சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ சொல்லவில்லை. நானும் விடவில்லை. மற்றவர்கள்தான் பிரித்தார்கள்.

போன வாரம் மாமல்லபுரம் பக்கம் ஒரு மீனவர் குப்பம். வீட்டுக்குள் ஓர் இளைஞன் இறந்து கிடந்தான். அவன் அப்பா வெளியே மணலில் உட்கார்ந்திருந்தார். பெட்டியை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

புதிதாக வந்திருக்கும் புகைப்படக்காரப் பெண் கூப்பிட்டாள். "சார், வெளிச்சம் போவுது."

"போவட்டும்மா. ஃப்ளாஷ் போட்டுக்கலாம்."

அப்பா என்னைப் பார்த்தார். "எம்புள்ள பேரு இன்னான்னு யாருமே கேக்கல சார்."

கேட்டேன். பெயரைச் சொன்னார். பிறகு, கட்டுமரத்திலிருந்து முதன்முதலாகக் கடலில் குதித்தபோது பையன் எப்படிச் சிரித்தான் என்று சொன்னார். முடியும்வரை கேட்டுவிட்டு எழுந்தேன். அப்போதுதான் கவனித்தேன், எனக்கும் அவருக்கும் நடுவே இன்னோர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தேன்.