பனிமலையில் நான் சிரித்த நாள்

இன்று காலை புளியந்தீவுச் சந்தையில் பாரை மீன் வாங்கினேன். மீன்காரர் பெட்டியைச் சரித்தபோது நொறுக்கிய ஐஸ் என் கையில் கொட்டியது. உதறாமல் நின்றேன். "என்ன ஐயா, கை விறைக்கல்லியா?" என்று கேட்டார். விறைத்தது. ஆனால் நான் அப்போது உன்னோடு சுவிஸ் மலையில் இருந்தேன்.

நீ கண்ணை மூடி நான்கு வருடங்கள். இதை யாருக்கு எழுதுகிறேன் என்றே எனக்குத் தெளிவில்லை. ஒழுங்காக எழுதினாலாவது ஏதும் விளங்குமோ என்று பார்க்கிறேன்.

நில அளவைக் கந்தோரில் நிலப்படம் வரைந்து காலத்தைக் கழித்தவன் நான். மலை என்றால் எனக்குக் காகிதத்தில் வளையும் கோடுகள்தான். "பென்சன் எடுத்தாச்சு, இனியாவது வந்து பார்" என்று சுவிஸில் குடியேறியிருந்த நீதான் பயணச்சீட்டு அனுப்பினாய். தாய்க்குத் தாயாக என்னை வளர்த்த அக்கா, கல்லடி வீட்டு வாசலில் நின்று, "போயிட்டு வா தம்பி, நான் எங்க ஓடப்போறன்?" என்றாள்.

நத்தாருக்கு மறுநாள், டிசம்பர் இருபத்தாறு காலை. மலைக்குப் புறப்பட நான் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது உன் தொலைபேசி ஒலித்தது. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாய்.

"ஆர்?"

"வேலையிடத்தில. நீ வா, கேபிள் கார் போயிரும்."

அன்று நீ என்னை விடவேயில்லை. உச்சியில் நின்று ஒவ்வொரு சிகரமாகக் காட்டினாய். வேடிக்கை பார்க்க மட்டுமே வந்த என் காலில் சறுக்குப் பலகைகளை மாட்டினாய். "சரிவு எத்தனை பாகை?" என்று கேட்டேன். "மச்சான், நீ அளந்து முடியப் பனி உருகிரும். முழங்காலை மடக்கு!" என்று தள்ளிவிட்டாய். இருபது அடி போயிருப்பேன். குப்புற விழுந்தேன். வாயெல்லாம் பனி. வாழ்நாளில் நான் அப்படிச் சிரித்ததில்லை. நீயும் சிரித்தாய். சிரித்தாய் என்றுதான் நினைவு.

சூப், பாண், சொக்லேட் என்று எனக்குத் தந்துகொண்டே இருந்தாய். "வயிறு சரியில்ல" என்று நீ ஒன்றும் தொடவில்லை. பொழுதுபட வீடு திரும்பி, எனக்குச் சோறு போட்டு, நான் கை கழுவி வந்த பிறகுதான் சொன்னாய்: கடல் ஊருக்குள் வந்துவிட்டதென்று, அக்கா இல்லையென்று.

நம் பக்கத்தில் சாவுச் சேதி கொண்டுவருபவர், கேட்பவர் சாப்பிட்டு முடியும்வரை வாய் திறக்கமாட்டார். கேட்டபின் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அந்த வழக்கம் தெரிந்ததால்தான் எனக்குச் சந்தேகம். காலையிலேயே உனக்குத் தெரியுமா? கேட்கப் பயந்து வருடங்களைக் கடத்தினேன்.

சண்டை முடிந்த வருடம், வன்னியில் காணாமற்போன உன் தம்பியைத் தேடி நீ ஊருக்கு வந்தாய். அன்று காலைதான், வன்னியில் அவனோடு கடைசிவரை இருந்த ஒருவர் என்னிடம் வந்து, அவனைத் தன் கையாலே புதைத்ததாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மத்தியானம் நீ வந்தாய். சோறும் நண்டுக்கறியும் வைத்தேன். கேட்காமலே மூன்றாம் முறையும் சோறு போட்டேன். நீ நிமிர்ந்து பார்த்தாய்.

"நீ சாப்பிடல்லியா?"

"வயிறு..." என்று தொடங்கி நிறுத்தினேன்.

நீ தலையைக் குனிந்து, சோற்றுக் கோப்பையில் ஒரு பருக்கை மீதமில்லாமல் உண்டாய். கை கழுவி வந்து, "இப்பச் சொல்லு" என்றாய். சொன்னேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாய்:

"எப்ப தெரியும் உனக்கு?"

"காலையில."

"அண்டைக்கு எனக்கும் காலையிலதான் தெரியும், மச்சான்."

"அதுக்கு மலைக்கு ஏன் கூட்டிப்போன?"

"வீட்டில இருந்தா உன்ட முகத்தைப் பார்த்து அழுதிருப்பன். மறுகா உனக்கு ஒரு வாய்ச் சோறு இறங்காது."

கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. குழப்பம் மட்டும் தீரவில்லை. உன்மேல் கோபப்பட வேண்டுமா, கும்பிட வேண்டுமா? இரண்டையும் முயன்று பார்த்தேன், ஒன்றும் நிலைக்கவில்லை. ஆண்டுதோறும் கல்லடிக் கடற்கரையில் அக்காவுக்கு விளக்கு வைக்கிறேன். சுற்றி எல்லோரும் அழும்போது எனக்குள் அந்தச் சிரிப்பு எழும்புகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். பிறகு மெல்லக் குனிந்து, வீட்டு விசயம் ஒவ்வொன்றாக அவளிடம் சொல்கிறேன். அவள் போன அன்று நான் எங்கே நின்றேன், என்ன செய்தேன் என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.